கேட்கவில்லை என்று சொன்னேன்

1

எங்கள் குடியிருப்பில் ஒரு மரப்பலகை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை அது யார் வீட்டுக் கதவுப்பிடியில் தொங்குகிறதோ, அந்த வாரம் படிக்கட்டைக் கூட்டுவது அவர்கள் வேலை. பனி விழுந்தால் வாசல் நடைபாதையையும் ஒதுக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் ஒரு மீட்டர் அகலத்துக்காவது வழி தெரிய வேண்டும். தெரியாமல், போகிற வருகிற யாராவது வழுக்கி விழுந்தால் பலகைக்காரர் தலையில் விடியும். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் சாமி கும்பிடாதவர்கள்கூட இந்தப் பலகையைக் கும்பிடுவார்கள்.

ஒரு மீட்டர் கேட்டால் ஒன்றரை மீட்டர் ஒதுக்குகிறவன் நான். நல்ல மனசெல்லாம் கிடையாது, பயம். இங்கே வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. அரசாங்கக் கடிதம் மஞ்சள் உறையில் வந்தால் இன்னமும் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பிரிக்கிறேன். போன மாதம் வந்த மஞ்சள் உறைக்கு இரண்டு டம்ளர் குடித்தேன். பிரித்துப் பார்த்தால், மூன்றாவது மாடிக்காரருக்கு வந்தது.

போன செவ்வாய்க்கிழமை பனியை வாரிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மையார் ஜன்னலைத் திறந்தார். எண்பது வயது. யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாதவர். "எவ்வளவு அகலமாக வழி விட்டிருக்கிறீர்கள்! மற்றவர்கள் நடக்க வேண்டுமே என்று நினைக்கிற மனிதர் நீங்கள்" என்றார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் ஜெர்மன் மொழியில் "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். பதினெட்டு வருடமாகியும் இந்த ஆளுக்கு மொழி வரவில்லையே என்று நினைத்திருப்பார். அன்றைக்கு மட்டும் எனக்கு மொழி தவறவில்லை.

அன்று காலைதான் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது. "தங்கள் தகராறில் எங்கள் மாணவர்கள் சமரசம் செய்து ஆறு மாதம் நிறைவடைகிறது. பயிற்சியை மேம்படுத்தச் சில கேள்விகள்." அதில் ஏழாவது கேள்வி: "அமர்வில் நீங்கள் சொல்லாமல் விட்டது ஏதேனும் உண்டா? ஆம், இல்லை."

"இல்லை" என்பதை அழுத்தினேன். படிவம் எனக்கு நன்றி சொன்னது. இரண்டு பேர் பாராட்டிவிட்டார்கள். இதற்குமேல் ஒரு மனுஷன் எப்படி நிம்மதியாக டீ குடிப்பது?

2

நீடாமங்கலத்துக்குத் தெற்கே எனக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. மூன்று மா ஒரு ஏக்கர். ஆக இரண்டு ஏக்கர். ரோட்டை ஒட்டின வயல். அதற்கு உள்பக்கம் மூன்று மா, அமுதாவுடையது. அதைச் சுற்றி இரண்டு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் குளக்கரை. நாலாவது பக்கம் நான்.

அமுதாவின் கணவன் சேகர் என் வகுப்புத் தோழன். அவன் அப்பா எங்கள் அப்பாவிடம் பண்ணையில் இருந்தவர். சேகர் திருப்பூர் போய் உழைத்துச் சேர்த்து, ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் சித்தப்பாவிடமிருந்தே அந்த மூன்று மாவை வாங்கி மனைவி பெயரில் பதிந்தான். அப்போது போன் செய்து, "ஒனக்குப் பக்கத்து வயக்காரனாயிட்டேன் எளங்கோ" என்றான். "சந்தோஷம்பா" என்றேன். சந்தோஷம்தான். அதோடு சந்தோஷமில்லாத இன்னொன்றும் ஒரு ஓரத்தில் இருந்தது. அது என்னவென்று அப்போது நான் எட்டிப் பார்க்கவில்லை.

உள்வயல்காரர் அறுக்க வேண்டுமானால் அறுவடை மெஷின் ரோட்டு வயல் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்தில் இதற்குப் பத்திரம் கிடையாது, கேள்வியும் கிடையாது. ரோட்டு வயல்காரர் முதலில் அறுப்பார், அறுத்த தாளின் மேலேயே மெஷின் உள்ளே போகும். அவர் தரிசு போட்டிருந்தால் இன்னும் வசதி. இதற்கு "வழி விடுறது" என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். மெஷின் போகும், அவ்வளவுதான்.

என் நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்தவர் வயதாகி விட்டுவிட்டார். ஒரு போகம் தரிசு கிடந்தது. அந்த நேரம் பார்த்து யூடியூபில் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "வெளிநாட்டில் இருக்கிறீர்களா? உங்கள் நிலம் இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை! அன்றிலிருந்து ராசிபலன் பார்ப்பது மாதிரி வில்லங்கச் சான்றிதழ் பார்க்க ஆரம்பித்தேன். காலையில் ஒன்று, வேலை முடிந்து ரயிலில் ஒன்று. மன்னார்குடியில் இருக்கிற மச்சான் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுத விடுப்புப் போட்டுத் தூதரகம் போனேன். போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காது தெரிய இன்னொரு நாள் விடுப்புப் போட்டேன். என் வாழ்க்கையில் அந்தக் காதை அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு மதித்ததில்லை.

கார்த்திகை மாதம் மச்சான் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தார். ஆள் நுழைய மூன்றடிக் கதவு ஒன்று. பக்கத்தில் ஒரு போர்டு: "இவ்விடம் ம. இளங்கோவன், ஜெர்மனி, அவர்களுக்குச் சொந்தமானது. அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்." ஜெர்மனி படை எடுத்து வரும் என்கிற தோரணை. ஊர் முழுக்கச் சிரித்திருக்கிறது. எனக்கு அந்த போர்டின் போட்டோ வந்தபோது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், பெருமையாக இருந்தது.

3

கல்லு நட்ட அன்றே சேகர் வாட்ஸாப்பில் குரல் செய்தி அனுப்பினான். முப்பத்தெட்டு விநாடி.

"எளங்கோ, நல்லாருக்கியாப்பா? இங்க கல்லு நடுறாங்க. நல்லதுதான், ஆடு மாடு வாராது. கெழக்கு முக்குல மட்டும் ஒரு பன்னெண்டடி விட்டுடச் சொல்லு. தை மாசம் மெஷினு வரணும்ல. மச்சான் ஒன்னயக் கேக்கணும்ங்கிறாரு. ஒனக்குத் தெரியாதது இல்ல. பாப்பா நல்லாருக்கா? தமிழ் பேசுறாளா?"

ரயிலில் கேட்டேன். பக்கத்தில் என் மகள் நிலா உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை கேட்டேன். பன்னிரண்டு அடி என்பது ஒரு வார்த்தை, மச்சானுக்கு ஒரு போன். ஆனால் யூடியூப் ஆசாமி தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஒரு தடவை வழி விட்டால் காலத்துக்கும் வழி. பதில் போடாதீர்கள், பதில்தான் ஆதாரம்." அவர் பேச்சைக் கேட்டு முந்தின வாரமே அமைப்புகளுக்குள் போய் நீல டிக்கை அணைத்திருந்தேன். படித்தேனா, படிக்கவில்லையா என்று இனி ஒருவருக்கும் தெரியாது. தலையைத் துண்டால் மூடிக்கொண்டு ஒளிந்துகொள்கிற குழந்தைக்குக்கூட என்னைவிடப் புத்தி இருக்கும்.

தை மாதம் மெஷின் வந்தது. வேலிக்கு வெளியே நின்றது. மச்சானைத் தேடினால், அவர் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் என்று திருக்கடையூரில் இருந்தார், போனை எடுக்கவில்லை. எனக்கு அடித்தபோது இங்கே விடியாத நேரம், என் போன் அணைந்திருந்தது. வேலியை அறுக்கச் சேகருக்கு மனசு வரவில்லை, போர்டு வேறு. மணிக்கணக்கில் வாடகை பேசி வந்த மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விட்டது. கையால் அறுக்க ஆள் தேடி இரண்டு நாள் அலைந்தார்கள். மூன்றாம் நாள் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. பயிர் சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்தது.

மச்சான் போட்டோ அனுப்பினார். சாய்ந்த கதிரில் பச்சை முளை. பின்னால் வேலியோரம் என் போர்டு மட்டும் நிமிர்ந்து நின்றது.

4

அமுதா சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்தாள். அங்கிருந்து அது அந்தச் சட்டக் கல்லூரியின் சமரசப் பயிற்சி மையத்துக்குப் போனது. கடைசி வருட மாணவர்கள், புத்தகத்துத் தகராறு அல்ல, நிஜத் தகராறு. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் அவர்கள் நடத்துவார்கள். பின்னால் ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவர் வேலையாம்.

எனக்கு ஒரே குஷி. நீதிபதி இல்லை, வக்கீல் இல்லை, படிக்கிற பிள்ளைகள். ரெண்டு ஜோக் அடித்தால் கதை முடிந்தது. ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, இங்கே காலை ஏழரை, அங்கே பதினொன்று. சட்டை மேலே வெள்ளை, கீழே லுங்கி. திரையில் ஒரு பக்கம் சேகரும் அமுதாவும், நடுவில் ஃபர்ஹானா என்ற மாணவி. பக்கத்தில் இன்னொரு மாணவன் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

"எந்த ஊரும்மா நீ?" என்று ஆரம்பித்தேன். நம்ம பக்கத்தில் எந்தப் பேச்சுக்கும் இதுதானே வாசல். ஊர் தெரிந்தால் தெரு தெரியும், தெரு தெரிந்தால் யாராவது ஒரு மாமா அகப்படுவார்.

"கூத்தாநல்லூர் சார்."

"அட! அங்க பெரிய கடைத்தெருவுல..."

"சார், நீங்க சொல்றவங்க எனக்குச் சொந்தமா இருந்துட்டா நான் எந்திரிச்சுப் போயிடணும். வேற ஆளு வரணும். அதனால கடைத்தெருவ விட்டுடுவோமா?"

சேகர் சிரித்துவிட்டான். அமுதா சிரிக்கவில்லை.

அந்தப் பெண் சும்மா வந்து உட்காரவில்லை. முந்தின வாரமே அவளும் அந்த மாணவனும் வயலுக்குப் போய் டேப் பிடித்து அளந்திருக்கிறார்கள். மெஷின் ஓட்டுகிறவரிடம் எத்தனை அடி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு போட்டோ காட்டினாள்: கிழக்கு முக்கு, கல்லுக்கால், அதன் பக்கத்தில் முழங்கால் வரை சேறோடு அவளே.

பேச்சு நடந்தது. நான் யூடியூபில் கற்ற சட்டமெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "இப்ப அமுதாக்கா சொன்னத உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க சார்" என்றாள். சொன்னேன். "சார், இது நீங்க சொன்னது. அவங்க சொன்னது?" மறுபடி சொன்னேன். "இதுவும் உங்களதுதான்." மூன்றாவது தடவைதான், "மழை வந்துடுச்சு, பயிர் போச்சுன்னு சொல்றாங்க" என்று என் வாயிலிருந்து வந்தது. அதைச் சொல்லி முடித்தபிறகு எனக்கு ஜோக் வரவில்லை.

5

பிறகு தனி அமர்வு. சேகரையும் அமுதாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "சார், இங்க நீங்க சொல்றது எதையும் உங்க அனுமதி இல்லாம அவங்ககிட்ட சொல்ல மாட்டோம்" என்றாள் ஃபர்ஹானா. "எங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு எதாவது இருக்கா?"

இதைவிட மலிவாகப் பாவமன்னிப்பு எங்கே கிடைக்கும்? கொட்டிவிட்டேன். சேகர் குரல் செய்தி அனுப்பினான், நான் கேட்டேன், இரண்டு தடவை கேட்டேன், வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை. சொல்லச் சொல்ல எனக்கு இலேசாகிக்கொண்டே வந்தது. அவள் முகம் மட்டும் கனத்துக்கொண்டே போனது.

"இத அவங்ககிட்ட சொல்லலாமா சார்?"

"வேணாம்மா."

"நீங்களே சொல்றீங்களா?"

"வேணாம்."

"சொல்லுங்கன்னு நான் சொல்லக்கூடாது சார். கேக்கத்தான் முடியும்."

"கேட்டுட்டீல்ல?"

"கேட்டுட்டேன் சார்."

மறுபடி எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். வழி விஷயம் சீக்கிரம் முடிந்தது: கிழக்கு முக்கில் பன்னிரண்டு அடி, என் செலவில் கதவு, சாவி அவர்களிடம், போர்டை எடுத்துவிடுவது. அழிந்த பயிருக்கு நஷ்ட ஈடாக ஒரு தொகையும் பேசினோம். கையெழுத்துப் போட வேண்டியதுதான். அப்போது அமுதா சொன்னாள்:

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இவரு போட்ட வாய்ஸு மெசேஜ அண்ணன் கேட்டாரா, கேக்கலையா? அத மட்டும் சொல்லச் சொல்லுங்க."

ஃபர்ஹானா என்னைப் பார்த்தாள். திரைதான், ஆனாலும் என்னைத்தான் பார்த்தாள்.

"வரவே இல்லைங்க. நான் கேக்கல" என்றேன்.

நான் திக்குவதற்குள் சேகரே முந்திக்கொண்டான். "நாந்தான் தப்பா அனுப்பியிருப்பேன் அமுதா. அப்ப போன் புதுசு. அப்புறம் அதுவும் வாய்க்கால்ல விழுந்து போச்சு, இப்ப எதப் பாக்குறது? அவன் கேட்டிருந்தா விட்டிருப்பான். எளங்கோவ எனக்குத் தெரியாதா?"

"சார்" என்றாள் ஃபர்ஹானா. "சேகரண்ணன் இப்ப சொன்னத உங்க வார்த்தையில ஒரு தடவ சொல்லுங்க."

அது அவள் எனக்குத் திறந்துவிட்ட கதவு என்பது பிறகுதான் உறைத்தது. அந்த நேரம் நான் நல்ல மாணவனாகப் பதில் சொன்னேன்: "அவரு தப்பா அனுப்பியிருக்கலாம், எனக்கு வந்திருந்தா நான் வழி விட்டிருப்பேன்னு சொல்றாரு." முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லிவிட்டேன்.

அமுதா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

திரையை அணைத்துவிட்டுத் திரும்பினால் சமையலறை வாசலில் நிலா, கையில் தானியக் கிண்ணத்தோடு. பதினாறு வயது. வீட்டில் தமிழ் பேசினால் உப்புக் குறைந்த மாதிரி பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் ஜெர்மன். அவள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் சண்டைகளைத் தீர்த்து வைக்கிற மாணவர் குழு ஒன்று இருக்கிறது. அதில் அவளும் இருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"அப்பா, அந்த மெசேஜ் ட்ரெயின்ல கேட்டதுதானே? கடைசியில என்னப் பத்திக் கேட்டாரே, அந்த அங்கிள்?"

"அது வேறம்மா."

அவள் கோபப்படவில்லை. தமிழிலேயே "சரி" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவி வைத்தாள். அதன் பிறகு ஆறு மாதமாக, என்னிடம் ஏதாவது கேட்டு நான் பதில் சொன்னால், போய் அம்மாவிடம் அதையே ஒரு தடவை கேட்டுச் சரிபார்த்துக்கொள்கிறாள். குற்றம் சாட்டுவதில்லை. சரிபார்க்கிறாள்.

6

படிவத்துக்கு நன்றி வாங்கிய இரண்டாம் நாள், டீ இறங்காமல், ஃபர்ஹானாவுக்கு எழுதினேன். அந்த விஷயத்தை இப்போது நானாகச் சொன்னால் உங்கள் விதிக்கு இடைஞ்சல் வருமா என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். மஞ்சள் உறை பழக்கம். பாவத்தை ஒப்புக்கொள்ளவும் அனுமதிக் கடிதம் வேண்டும்.

அவள் குரலிலேயே பதில் அனுப்பினாள். "சார், விதியெல்லாம் எங்களுக்குத்தான், உங்களுக்கு இல்ல. உங்க பொருள நாங்க பத்திரமா வச்சிருக்கோம், நீங்க எப்ப வேணாலும் எடுத்துக்கலாம். எடுத்தீங்கன்னா எனக்கும் நல்லது சார். அன்னிக்கு வீட்டுக்குப் போயி எனக்குச் சோறு எறங்கல. உம்மா என்னாச்சுன்னு கேட்டாங்க. அவங்ககிட்டயும் சொல்ல முடியாதுல்ல?"

ஐம்பத்தொரு வயது ஆள் நான், என் மூட்டையை இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு, ஆறு மாதம் கைவீசி நடந்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை அமுதாவுக்கு அழைத்தேன். சேகருக்கு அழைக்கத் தைரியமில்லை. அதுவும் ஒரு தந்திரம்தான். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அறுப்பு.

"சொல்லுங்கண்ணே. மெஷினு உள்ள எறங்கிடுச்சு. வழியெல்லாம் சவுகரியமாத்தான் இருக்கு."

"அமுதா, அந்த வாய்ஸ் மெசேஜ... நான் கேட்டேன்."

"தெரியும்ண்ணே."

"தெரியுமா?"

"அனுப்புன அன்னிக்குச் சாயங்காலமே பாத்தேன். பக்கத்துல இருக்குற மைக்கு நீலமாயிருந்துச்சு. டிக்க அணைச்சாலும் அது நீலமாயிடும்ண்ணே, எம்மவ சொல்லியிருக்கா."

பதினெட்டு வருடமாகக் கணினித் துறையில் சம்பளம் வாங்குகிறவன் நான்.

"அப்ப அன்னிக்கு ஏன் சொல்லல?"

"அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தேன். மொத கேசுன்னு சொல்லிச்சு. நீங்க உள்ள கூப்புட்டு என்னமோ சொல்லியிருக்கீங்க, அதால வெளிய சொல்ல முடியல, தவிக்குது. அது முன்னாடி ஒங்கள நான் பொய்யனாக்கினா அந்தப் புள்ளைக்குத்தான் அசிங்கம்னு விட்டேன். எனக்கும் வழி வேணும்ல. ஒங்களுக்காக இல்ல."

"அது தெரியுது."

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? ஒரு வருசமா அந்த மனுசன், நாந்தான் சரியா அனுப்பாம மூணு மா பயிர அழிச்சிட்டேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. இப்பவும் எதாவது அனுப்பணும்னா மவகிட்ட போன நீட்டுறாரு. நான் சொல்லியிருப்பேன். ஒங்கள நெனச்சு மனசு ஒடஞ்சு போயிடுவாருன்னு சொல்லல. நீங்க சொல்றதாயிருந்தா அவருகிட்டச் சொல்லுங்க. சொல்ல மாட்டீங்கன்னா எங்கிட்ட எறக்கி வச்சுட்டுப் போவாதீங்க, எனக்கும் தலையில எடமில்ல."

நான் பதில் சொல்வதற்குள் "இந்தாங்க, ஜெர்மனி அண்ணன்" என்று அவள் தூரத்தில் கூப்பிடுவது கேட்டது. வரப்பில் யாரோ நடந்து வரும் மூச்சு.

"எளங்கோ! என்னப்பா? இப்பத்தான் அறுக்குறோம். இந்த வருசம் கதிரு நல்லாருக்கு."

சொன்னேன். ஜோக் இல்லாமல், யூடியூப் இல்லாமல். வந்தது, கேட்டேன், ரெண்டு தடவை கேட்டேன், பதில் போடவில்லை.

வையப் போகிறான் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"அப்ப நான் சரியாத்தான் அனுப்பியிருக்கேன்" என்றான் சேகர். பிறகு போனை விலக்கிவிட்டுச் சத்தமாக, "அமுதா! நான் சரியாத்தான் அனுப்பியிருக்கேன்!" என்றான். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் திரும்பப் போனுக்கு வந்தபோது அந்தக் குரல் அடங்கியிருந்தது.

"ஏம்ப்பா, கேட்டுட்டு ஏன் பதில் போடல?"

"பயந்துட்டேன்பா."

"எதுக்கு?"

"நெலம் போயிடும்னு."

"யாருகிட்ட?" என்றான். அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. மெஷின் திரும்புகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "எங்கிட்டயா?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.